தமிழ்த் தாத்தாவும் வியப்பென்னும் நலமும்

சீவக சிந்தாமணி இன்று நம் இல்லங்களில் அச்சுநூலாக இருப்பதற்குக் காரணமானவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்பதை நம் இதழைப் படிக்கும் அன்பர்கள் அனைவரும் அறிவர். அவர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய வரலாறும் பலரால் பலமுறை எழுதப்பட்டதே. அதனை முழுமையாக மீண்டும் எழுதுவது நம் நோக்கமன்று. எண்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்த அப்பெருமகனார் வறுமையும் நோயும் அலைச்சலும் பிரிவும் கண்டவர். அவற்றுக்கிடையே அவர் உள்ளத்தை வாடாமல் காத்தது எது என்று எண்ணிப் பார்க்கையில், தம்மினும் பெரிதாகிய ஒன்றைக் கண்டால் தம்மை மறந்து வியந்து நிற்கும் அவரது இயல்பே நம் கண்முன் வருகிறது. அவ்வியல்பு வேரூன்றிய இடம் மாயூரம். அது முதிர்ந்து கனி தந்த இடம் கும்பகோணத்தில் நம்மவர் இல்லங்கள். வியத்தல் என்பது உள்ளத்துக்கும் உடலுக்கும் நலம் தருவது என்று இக்கால உளநூலார் ஆய்ந்து சொல்லத் தொடங்கியிருக்கும் இந்நாளில், அவர் வரலாற்றை அவ்வகையில் ஒருமுறை நோக்குவோம்.

1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள், தாய்வழிப் பாட்டனார் ஊராகிய சூரியமூலையில் சாமிநாதையர் பிறந்தார். தந்தையின் ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இராமாயணத்தைப் பாட்டும் பொருளுமாக ஊர்களில் சொல்லி, அதனால் வருவதைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். கையில் பொருள் தங்காத வாழ்க்கை. ஆயினும் மகனுக்குத் தமிழின்மேல் ஏற்பட்ட காதலை அவர் தடுத்தாரில்லை. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று, தமிழ் சொல்லித் தருவோர் இருக்கும் இடமெல்லாம் குடும்பத்தோடு பெயர்ந்து சென்றார். ஓர் ஆசிரியரிடம் கற்பதற்குரியது முடிந்ததும் அடுத்தவரைத் தேடுவதாகவே அவ்விளமைக் காலம் கழிந்தது. அவ்வாறு தேடிச் சென்ற இடங்களிலெல்லாம் பெரும்புகழோடு பேசப்பட்ட பெயர் ஒன்று இருந்தது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்பது அப்பெயர்.

பிள்ளையவர்கள் அக்காலத்தில் மாயூரத்தில் வீடு கொண்டு வாழ்ந்து வந்தார்கள். இன்று மயிலாடுதுறை என்று பழம்பெயரால் வழங்கி, 2020ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் ஆகிவிட்ட அவ்வூர், அந்நாளில் காவிரிக் கரையில் நெல்வயல்கள் சூழ்ந்த சிற்றூர்தான். ஆனால் அங்கே கூடியிருந்த பெருமக்களை எண்ணினால் மலைப்பு உண்டாகும். மகாவித்துவான் ஒருபுறம், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் ஒருபுறம், பின்னர் 1879இல் தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை அவ்வூர் முன்சீப். சைவர், வைணவர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றிப் பிள்ளையவர்களிடம் மாணவர்கள் பயின்றார்கள்.

1871ஆம் ஆண்டில், பதினாறு வயதில், தந்தையோடு சாமிநாதையர் அங்கே சென்றார். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களையும் எண்ணற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ் நூல்களையும் பாடிய பெரும்புலவர் எத்தகைய மிடுக்கோடு இருப்பாரோ என்று அஞ்சியிருந்த சிறுவனுக்கு, அமைதியே வடிவாக ஒருவர் வந்து அமர்ந்தது முதல் வியப்பு. நைடதத்திலிருந்து ஒரு பாடலைச் சொல்லுமாறு பிள்ளையவர்கள் பணித்தார்கள். நாக்குழற, உடல் நடுங்க, எப்படியோ சொல்லி முடித்தார். மாணவர் பலர் வருவதும், சில நாளில் சொல்லாமலே போய்விடுவதும் வழக்கமாயிருந்ததால், பிள்ளையவர்கள் உடனே இசையவில்லை. தந்தையார் பலவாறு வேண்டிய பின்னரே ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்றுக்கொண்டதும் பாடம் பெருகிவிடவில்லை. பெரியவருக்கு வேலை மிகுதி. புதிய மாணவன் அவரருகே செல்லவும் அஞ்சினான். இந்நிலையில் சாமிநாதையர் ஒன்றைக் கவனித்தார். அதனைத் தம் சரித்திரத்தில் அவர் எழுதியிருக்கும் பகுதி, நம் கருத்தில், ஏடு தேடிய கதைகளுக்குச் சற்றும் குறைந்ததன்று.

பிள்ளையவர்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு தோட்டம் இருந்தது. நாள்தோறும் விடியற்காலையில் அப்பெரும்புலவர் அங்கே சென்று மரஞ்செடிகளை ஒவ்வொன்றாக உற்று நோக்குவார். எந்தக் கிளையில் தளிர் விட்டிருக்கிறது, நேற்றுக் கண்ட அரும்பு இன்று எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்து மகிழ்வார். புதுத் தளிர் ஒன்றைக் கண்டுவிட்டால் அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியே தனி. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடிய ஒருவர், விரல்நுனி அளவுள்ள ஒரு தளிரின் முன் குழந்தையாக நின்றார். இதைக் கண்ட மாணவர், அவருக்கும் முன்னே எழுந்து தோட்டத்துக்குச் சென்று, எங்கெங்கே தளிர் உள்ளது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் காட்டத் தொடங்கினார். ஆசிரியருக்கு அது பெருமகிழ்ச்சி. முதலில் ஆசிரியரின் அன்பைப் பெறுவதற்குச் செய்த உபாயமே அது என்று சாமிநாதையர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆயினும் நாள்தோறும் இருட்டோடு எழுந்து தளிர் தேடும் ஒருவனுக்குக் கண் மாறாமலிருக்குமா? அத்தோட்டத்து உரையாடலிலிருந்தே அவருக்குப் பாடம் கேட்கும் வாய்ப்பும் வந்தது. பிற்காலத்தில் செல்லரித்த ஓர் ஏட்டு ஓரத்தில் ஓர் எழுத்தின் தலைகாணப்பட்டாலும் தவறவிடாத பார்வை அவருக்கு வாய்த்ததே, அதன் முதல் பயிற்சி மாயூரத்துத் தோட்டத்தில்தான் நிகழ்ந்தது என்று நாம் கொள்கிறோம்.

இனிப் பாடம் தொடங்கிய பின் கண்ட வியப்போ வேறு வகை. பிள்ளையவர்கள் ஏடோ குறிப்போ பாராமல் வாயிலிருந்தே செய்யுட்களைச் சொல்லிக்கொண்டு போவார். எழுதுபவர் கை ஓயும். அவர் வாக்கு ஓயாது. நாகைக் காரோணப் புராணம் முதலாகப் பல நூல்களை அவரிடமே அவர் நூல்களாகப் பாடம் கேட்கும் பேறு சாமிநாதையருக்குக் கிடைத்தது. தந்தையின் விருப்பப்படி கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில காலம் இசையும் பயின்றார். ஆசிரியர் அதனை விரும்பவில்லை என்று அறிந்ததும் விட்டுவிட்டார்.

அப்பாரதியாரைப் பற்றி மாயூரத்தில் வழங்கிய ஒரு செய்தியை இங்குச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. நந்தனார் சரித்திரத்தில் இலக்கணத்துக்கு மாறான இடங்கள் உள்ளன என்று கருதிய பிள்ளையவர்கள், அதற்குச் சிறப்புப்பாயிரம் தருவதை நெடுநாள் தள்ளிவந்தார்கள். பாரதியார் பலமுறை வந்து திரும்பினார். ஒருநாள் பிற்பகல், பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வுகொண்டிருந்த நேரத்தில் வந்த பாரதியார், திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த புலவரின் இலக்கண அளவுகோல் எங்கோ நழுவிற்று; கண்ணீர் பெருகிற்று. எழுந்து வந்து, இவ்வளவு காலம் அலையவைத்ததற்கு வருந்திப் பாயிரத்தை அளித்தார்கள். தம் அறிவால் அளந்து முடித்துவிட்ட ஒன்று, அவ்வளவுக்கு அடங்காமல் பெரிதாகி எதிரே நிற்கும்போது தோன்றும் உணர்ச்சி அது.

அவ்வுணர்ச்சிக்குத் தொல்காப்பியர் மருட்கை என்று பெயரிட்டு, எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்திருக்கிறார். அது தோன்றும் இடங்கள் நான்கு என்பது அவர் கணக்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு காணாதது, அளவிற் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று மற்றொன்றாக மாறி வளர்வது. பெரும்புலவரைக் கண்டு நடுங்கியது பெருமை பற்றி வந்த மருட்கை. தளிரைக் கண்டு மலர்ந்தது சிறுமையும் ஆக்கமும் பற்றி வந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த டாக்கர் கெல்ட்னரும் அவருடன் ஜோனதன் ஹைட் என்பவரும் 2003ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரையில், பெருமை தோன்றுதலும், முன்னறிவில் அது அடங்காமையால் அறிவு தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருத்தலும் வியப்பின் இரு கூறுகள் என்றார்கள். சிறியதும் மருட்கைக்கு இடமாகும் என்று நம் ஆசிரியர் தனியே எண்ணி வைத்திருப்பது அவர் நுட்பத்தைக் காட்டுகிறது.

உடல்நலத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். 2015ஆம் ஆண்டில் ஜெனிபர் ஸ்டெல்லர் முதலியோர் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களின் வாயிலிருந்து எடுத்த நீரில் இன்டர்லூகின்-6 என்னும் பொருளின் அளவைச் சோதித்தார்கள். உடலில் அழற்சி மிகும்போது மிகுவது அது. நெடுங்காலம் மிகுந்திருந்தால் இருதய நோய், நீரிழிவு, மனத்தளர்ச்சி முதலியவற்றோடு சேர்ந்து காணப்படுவது. மகிழ்ச்சி, மனநிறைவு முதலிய நல்லுணர்ச்சிகள் பலவற்றை ஒப்பிட்டபோது, அப்பொருள் குறைந்திருந்தமையோடு மிக நெருங்கிய தொடர்பு காட்டியது வியப்புணர்ச்சியே. வியப்பினால் அழற்சி குறைந்ததா, அழற்சி குறைந்தவர் எளிதில் வியக்கிறார்களா என்பது அவ்வாய்வால் மட்டும் முடிவாகவில்லை. அதனையும் சொல்லிவிடுவது முறை. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு நமக்கு மாயூரத்துத் தோட்டத்தையே நினைவூட்டுகிறது. சான்பிரான்சிஸ்கோவில் வர்ஜினியா ஸ்டர்ம் என்னும் அறிஞர், முதியோர் சிலரை வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் நடக்கச் செய்தார். ஒரு பிரிவினர் வெறுமனே நடந்தார்கள். மற்றொரு பிரிவினர் சுற்றிலும் உள்ளவற்றைப் புதுக்கண்ணோடு வியந்து பார்த்து நடந்தார்கள். எட்டு வாரங்களில் பின்னவர்களிடம் மகிழ்ச்சியும் பிறரிடம் பரிவும் மிகுந்து, மனவருத்தம் குறைந்திருந்தது. நடக்கும்போது தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட புகைப்படங்களிலும், வாரம் செல்லச்செல்ல அவர்கள் உருவம் சிறுத்து, சூழ்ந்துள்ள காட்சி படத்தை நிறைத்ததாம்! முகத்தில் சிரிப்பு மட்டும் பெருகியதாம்.

தன்னைச் சிறிதாகக் காண்பது இழிவன்று என்பதை நம் சமயத்தவருக்கு எவரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மேல்சித்தாமூர் முதலிய தலங்களில் ஆலயத்தின் முன் ஓங்கி நிற்கும் மானத்தம்பம் எதற்காக? பகவான் மகாவீரரை வாதில் வெல்லும் எண்ணத்தோடு வந்த இந்திரபூதி கௌதமர், சமவசரணத்தில் மானத்தம்பத்தைக் கண்ட மாத்திரத்தில் செருக்கு நீங்கி, முதற் கணதரராக ஆனார் என்பது நம் வரலாறு. எண்வகைச் செருக்குகளுள் அறிவுச் செருக்கும் ஒன்று. அதனை வாதத்தால் வெல்வது அரிது. பெருமையைக் கண்டு வியக்கும் ஒரு கணத்தில் அது தானே கழன்று விழும்.

சாமிநாதையருக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 1876 பெப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் காலமானார்கள். இறுதி நேரத்தில் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவர் ஆசிரியரைத் தாங்கியிருக்க, சாமிநாதையர் திருவாசகத்திலிருந்து படித்தார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்து, 1880ஆம் ஆண்டில் தியாகராச செட்டியாருக்குப் பின் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்போது வயது இருபத்தைந்து. மகாவித்துவானின் மாணவர் என்ற பெயரும் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறார் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள் இத்தனை, பிள்ளைத்தமிழ்கள் இத்தனை, கோவைகள், புராணங்கள் என்று சாமிநாதையர் அடுக்கினார். முதலியார் முகத்தில் அசைவில்லை. இவற்றால் என்ன பயன் என்பது போலக் கேட்டு, இவற்றுக்கெல்லாம் முற்பட்ட சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்றார். தாம் படிக்காதது மட்டுமன்று, தம் ஆசிரியரும் பாடம் சொல்லாத நூல்கள் அவை.

அவ்விடத்தில் வேறொருவராயிருந்தால் முன்சீபுக்குத் தமிழ் என்ன தெரியும் என்று வீட்டுக்கு வந்து பேசித் தீர்த்துக்கொண்டிருப்பார். சாமிநாதையருக்கும் உள்ளம் சுருக்கென்றது. நூல் கிடைத்தால் படித்துப் பொருள் காணும் துணிவு தமக்குண்டு என்று சொன்னார். ஆனால் முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியைப் பிரித்ததும் அந்தத் துணிவு நிற்கவில்லை. திருத்தக்கதேவரின் செய்யுளும் நச்சினார்க்கினியரின் உரையும் சேர்ந்து அவரை வேறோர் உலகத்தின் வாயிலில் நிறுத்தின. சொற்கள் தமிழாயிருந்தன, சுட்டிய பொருள்கள் விளங்கவில்லை. நம் ஆகமக் கருத்துகளை அறியாமல் அந்நூலுக்குள் எவர்தாம் செல்ல முடியும்?

கும்பகோணத்தில் நம்மவர் குடும்பங்கள் இருப்பதை அறிந்து அவர்களை நாடிச் சென்றார். சந்திரப்பிரபர் ஆலயமும் நூலறிவுடைய குடும்பங்களும் கொண்ட ஊர் அது. சென்ற வேளை எத்தகையது என்று பாருங்கள்! வாயிலில் மாக்கோலமும் தோரணமுமாக ஒரு வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. திருமணமா என்று ஐயுற்றவருக்குக் கிடைத்த விடை, சிந்தாமணி சிரவணம் நிறைவு பெறுகிறது என்பது. பல மாதங்களாக அவ்வில்லத்தில் ஆடவரும் பெண்டிரும் கூடியிருந்து அந்நூலைக் கேட்டு வந்திருக்கிறார்கள். எந்த நூல் உலகத்தில் இருக்கிறதா என்றே தமிழ்ப்புலவர் பலர் அறியாமல் இருந்தார்களோ, அந்நூல் தம் வீட்டுக்குச் சில தெரு தள்ளி, வாழும் நூலாக, வழிபாட்டுக்கு உரியதாக இருந்தது கண்டு அவர் திகைத்து நின்றார். அந்த நாளை அவர் தம் வாழ்நாளில் மறக்கவில்லை.

அதன்பின் சந்திரநாத செட்டியார் முதலிய நம் பெரியோரிடம் அவர் விடாது சென்று ஐயம் கேட்டார். கல்லூரி ஆசிரியர் என்ற நிலையை அங்கே அவர் நினைக்கவில்லை. தாம் பிறந்து வளர்ந்த சைவச் சூழலும் அவருக்குத் தடையாகவில்லை. சோழ மன்னன் சிந்தாமணியில் ஆழ்ந்திருந்ததை மாற்றவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று சொல்லும் மரபில் வந்தவர், அதே சிந்தாமணியின் ஒவ்வொரு சொல்லுக்கும் சமணர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார். அவர் கேட்கும் ஆர்வத்தையும் புரிந்துகொண்டபோது அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியையும் கண்ட அவ்வீட்டு அம்மையார் ஒருவர், இவர் பவ்யர் போலிருக்கிறது என்று வியந்து கூறினாராம். அச்சொல்லின் பொருள் அவருக்குத் தெரியவில்லை. வீடுபேற்றுக்குரிய தகுதி அமைந்த உயிர் என்று விளக்கக் கேட்டு மகிழ்ந்தார். நம் பெண்மக்கள் ஒருவர் வாயிலிருந்து வந்த அப்பட்டத்துக்கு, பின்னாளில் 1906இல் அரசாங்கம் அளித்த மகாமகோபாத்தியாயப் பட்டமும் 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த டாக்டர் பட்டமும் ஈடாகுமா என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு.

நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையை நம் முன்னோர் ஏற்காமையால், அவர் சித்தாமூருக்கு வந்து ஜைன நூல்களைக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. உரையாசிரியர் நடந்த வழியிலேயே பதிப்பாசிரியரும் நடந்திருக்கிறார். இருபதுக்கு மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி ஒப்புநோக்கி, 3145 செய்யுட்களும் உரையுமாக 1887ஆம் ஆண்டில் சிந்தாமணியை வெளியிட்டார். அவ்வுரையில் மேற்கோளாக வந்த அடிகள் எந்நூலைச் சார்ந்தவை என்ற வியப்பே அவரைச் சங்க நூல்களின் ஏடுகளுக்கு இட்டுச் சென்றது. ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இன்னும் பெரிய மண்டபம் என்பது போலப் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வந்தன. மணிமேகலைக்குப் பௌத்தக் கருத்துகளைக் கேட்க வேண்டியிருந்தபோது, சிந்தாமணிக்கு அமைந்தது போல வழிவழியாக நூல் கேட்டுவரும் இல்லங்கள் தமிழ்நாட்டில் இல்லை. மளூர் ரங்காசாரியார் போன்ற கற்றவர்களின் துணையே கிடைத்தது. இவ்வேறுபாட்டை நம் குடும்பத்தார் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு நூல் ஏட்டில் இருப்பது வேறு; இல்லத்தில் இருப்பது வேறு. பல மாதம் கூடியிருந்து ஒரு பெருங்காப்பியத்தைக் கேட்டு, நிறைவு நாளில் தோரணம் கட்டும் வழக்கம் இன்று நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது?

பத்துப்பாட்டுப் பதிப்பின்போது மாயூரம் மீண்டும் ஒருமுறை அவருக்குக் கை கொடுத்தது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்கள் தொண்ணூற்றொன்பது பெயர் சொல்லி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவருக்குக் கிடைத்த பிரதிகளில் அவ்வடுக்கின் நடுவே சில பெயர்கள் இல்லை. ஏடு சிதைந்து, மலர் உதிர்ந்துபோயிருந்தது. எங்கெங்கோ தேடியும் கிடைக்காமல், மாயூரத்தை அடுத்த தருமபுர ஆதீனத்துக்குச் சென்றார். மடத்தில் இசைவு பெற்று, கட்டுக்கட்டாக ஏடுகளைப் பிரித்துப் பார்த்தார். அங்கே அம்மலர்ப் பெயர்கள் இருந்தன. சில சொற்கள்தாம்; அடிகளின் ஒரு துண்டுதான். அதற்கு அவர் அடைந்த களிப்பை, பின்னாளில் உதிர்ந்த மலர்கள் என்ற தலைப்பிட்டு ஒரு கட்டுரையாகவே எழுதினார். விடியற்காலைத் தோட்டத்தில் தளிர் கண்டு சொன்ன மாணவன் வளர்ந்து முப்பது வயதைக் கடந்த பின்னும் மாறவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லா வியப்பும் நலம் பயப்பதன்று. மருட்கை என்ற சொல்லுக்குள்ளேயே மருள் இருக்கிறது. அச்சம் கலந்த வியப்பு மனிதனை வலியிழக்கச் செய்கிறது, அது தரும் பயன் வேறு என்று உளநூலாரும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். கூட்டத்தையும் ஒளியையும் ஓசையையும் கொண்டு பிறரை மலைக்கவைத்துத் தம்பின் இழுத்துச் செல்வோர் எக்காலத்தும் உண்டு. உலகம், தெய்வம், பாசண்டி என மூவகை மயக்குகளை நம் அறநூல்கள் நற்காட்சிக்குக் குற்றமாக வைத்திருப்பது இதனால்தான். சாமிநாதையர் வியந்தவற்றை அவர் ஆராயாமல் விட்டதில்லை. சிந்தாமணியின் முன் கைகூப்பியவர்தாம் அதன் பிரதிகளை வரிவரியாக ஒப்பிட்டுப் பிழை களைந்தார். வியப்பு அவருக்குக் கண்ணை மூடவில்லை, திறந்து வைத்தது.

அவர் நோயறியாத உடலினர் என்று நாம் சொல்லவில்லை. மாணவப் பருவத்தில் அம்மை கண்டு துன்புற்றார். நூல்களை அச்சிட்ட காலத்தில் கல்லூரி வேலையும் மெய்ப்புத் திருத்தமும் சேர்ந்து இரவு உறக்கத்தைப் பறித்தன. நீண்ட ஆயுளுக்குக் காரணம் பலவாக இருக்கலாம். வியப்பு ஒன்றே என்று கூறுவது மிகையாகும். எனினும் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை என்பது கண்கூடு. நம் கொங்குவேளிரின் பெருங்கதையை அவர் வெளியிட்டது 1924இல், தம் அறுபத்தொன்பதாம் வயதில். அவ்வாண்டிலேயே சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகி 1927 வரை இருந்தார். எழுபத்தெட்டாம் வயதில் ஆசிரியரின் வரலாற்றை எழுதி, 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். குறுந்தொகையைத் தம் உரையோடு பதிப்பித்தது 1937இல். அப்போது வயது எண்பத்திரண்டு.

1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை வாரந்தோறும் எழுதிவந்தார். மாயூரத்து வீடும், நைடதப் பாடல் சொல்லும்போது நா குழறியதும், தோட்டத்துத் தளிர்களும், கும்பகோணத்தில் கோலமிட்ட வாயிலும் அதில் நேற்று நிகழ்ந்தவை போல வருகின்றன. எழுதியவருக்கு எண்பத்தைந்து வயது. தோட்டத்தில் நின்ற நாளோ ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கு முற்பட்டது. தம்மைப் பற்றி எழுதும் நூலில் பக்கம் பக்கமாக ஆசிரியரையும் பிற பெரியோரையும் நிறைத்துவிட்டு, தாம் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறார். சான்பிரான்சிஸ்கோ முதியோரின் படங்களைப் பற்றிப் படித்தபோது நமக்கு நினைவு வந்தது இந்நூல்தான்.

1942ஆம் ஆண்டில் உலகப்போர் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியூர்களுக்குப் பெயர்ந்தபோது, அவரும் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்று திருவாவடுதுறை மடத்துக்குரிய இடத்தில் தங்கினார். ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே காலமானார். சரித்திரம் 122 அத்தியாயங்களோடு, மணிமேகலை வெளிவந்த காலத்தளவில் நின்றுபோயிற்று; நூல் வடிவில் 1950இல் வந்தது. அவர் திரட்டிய ஏடுகள், 1943இல் அவர் பெயரால் நிறுவப்பட்டு இன்று சென்னைப் பெசன்ட் நகரில் உள்ள நூல்நிலையத்தில் காக்கப்பட்டு வருகின்றன.